சீனாவில் செய்த பொருளைச் சொந்த ஊரில் செய்ய: மோல்டில் தொடங்கி முதல் லாட் வரை

தன் பிராண்டில் ஒரு பொருளைச் சீனத் தொழிற்சாலையில் செய்து வாங்கி இங்கே விற்கும் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பொருள் விவசாயிகள் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் தைஜோ என்ற ஊரில் செய்து வந்தோம். இப்போது டேங்க், மூடி, லான்ஸ் (மருந்து பீய்ச்சும் குழாய்), அசெம்பிளி எல்லாம் கோயம்புத்தூரில் நடக்கிறது. பம்ப் மட்டும் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. எந்தக் காகிதம் எப்போது வேண்டும், பணம் எங்கே கசியும், எந்த மாதத்தில் எதைச் செய்யக் கூடாது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்பவர் அப்போது யாரும் இல்லை. உங்கள் பொருள் வேறாக இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. எதைக் கொண்டு வருவது என்று முதலில் பிரியுங்கள்

"உற்பத்தியை இந்தியாவுக்கு மாற்றுகிறோம்" என்று ஒரே மூச்சில் முடிவெடுக்காதீர்கள். பொருளைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கண்டெய்னரில் இது எவ்வளவு இடம் அடைக்கிறது? இங்கே இதைச் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா?

ஸ்ப்ரேயரில் டேங்க்தான் இடத்தைத் தின்கிறது. 40 அடி ஹைகியூப் கண்டெய்னரில் ஏற்ற முடிவது சுமார் 68 கனமீட்டர். அதில் பெரும்பகுதி காலி டேங்குக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்றுக்குத்தான் கப்பல் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். டேங்க் புளோ மோல்டிங் வேலை: உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு என்ற அச்சுக்குள் காற்றால் ஊதி வடிவமைப்பது. அதற்கு இங்கே ஆள் உண்டு, மெஷின் உண்டு. 12 வோல்ட் டயஃபிரம் பம்ப் அப்படியல்ல. கைக்குள் அடங்கும் அளவு, ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கில் வரும், விலையில் சீனாவோடு போட்டி போடுவது மிகக் கடினம்.

அதனால் காற்றைச் சுமக்கும் பாகம் முதலில், நுட்பமான சிறு பாகம் கடைசியில் என்று வரிசைப்படுத்துங்கள். பம்பையும் முதல் ஆண்டிலேயே இங்கே செய்துவிட வேண்டும் என்று கிளம்பிய நிறுவனங்கள் அந்த ஒரு பாகத்துக்காக மொத்தத் திட்டத்தையும் நிறுத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அரசு டெண்டரில் விற்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 'மேக் இன் இந்தியா' முன்னுரிமை ஆணைப்படி, உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர். 20 முதல் 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. எல்லாப் பாகங்களையும் சீனாவிலிருந்து கொண்டு வந்து இங்கே ஸ்குரூ மட்டும் முடுக்கினால் 50-ஐ எட்ட முடியாது. டேங்கும் பேட்டரியும் உள்ளூரானால் கணக்கு நிறைய மாறும்.

2. மோல்டு உங்களுடையது என்பதற்குக் காகிதம் இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்கத்தான் நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மோல்டுக்குப் பணம் கொடுத்தது நீங்களாக இருக்கலாம். ஆனால் பணம் போனதற்கான பேங்க் ஸ்லிப்பை வைத்து மட்டும் மோல்டை வெளியே எடுக்க முடியாது. தொழிற்சாலை பாதிச் செலவைத் தானும் ஏற்றிருக்கும். "இத்தனை பீஸ் வாங்கினால் மோல்டு இலவசம்" என்று பேசியிருக்கும். அல்லது உங்கள் மோல்டிலேயே வேறு ஆளுக்கும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் இடம் மாறப்போவது தெரிந்த நாளிலிருந்து பேச்சின் தொனி மாறிவிடும். எனவே மாற்றத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, வழக்கமான ஆர்டர் நடந்துகொண்டிருக்கும்போதே, இந்தக் காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்:

- மோல்டு உரிமை ஒப்பந்தம். சீன மொழியில், தொழிற்சாலையின் சிவப்பு கம்பெனி முத்திரையோடு. கையெழுத்து மட்டும் இருந்து முத்திரை இல்லாவிட்டால் அதை நம்ப வேண்டாம்.
- ஒவ்வொரு மோல்டின் படம், எடை, அளவு, மோல்டில் பொறித்த எண். உங்கள் நிறுவனத்தின் பெயரை மோல்டின் உடம்பிலேயே பொறிக்கச் சொல்லுங்கள்.
- மோல்டு இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்ற எழுத்து உறுதி.
- கேட்ட எத்தனை நாளில் மோல்டைத் தர வேண்டும், பாக்கி இருந்தால் எவ்வளவு, பேக்கிங் செலவு யாருடையது என்ற விதிகள்.

ஒப்பந்தத்தில் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டால் பயனில்லை. அங்கே சட்டப்படி செல்லும் பெயர் சீன மொழிப் பெயர்தான். அதோடு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கப் பதிவு எண் ஒன்று உண்டு. இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நடுவில் டிரேடிங் கம்பெனி வழியாக வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தைஜோவின் ஹுவாங்யன் பகுதி மோல்டு தொழிலுக்குப் பேர்போனது. மோல்டை அங்கே ஒரு பட்டறை செய்திருக்கும், ஓட்டுவது வேறொரு ஆலை, உங்களோடு பேசுவது மூன்றாவது ஆள். டிரேடிங் கம்பெனி ஒப்புக்கொண்டது ஆலையைக் கட்டுப்படுத்தாது. மோல்டு கைவசம் இருப்பவரும் அதே காகிதத்தில் முத்திரை வைக்க வேண்டும்.

கோயம்புத்தூர் கோர்ட்டில் கேஸ் போட்டுச் சீனாவில் மோல்டை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் உண்மையான பலம் அடுத்த ஆர்டரும் பாக்கிப் பணமும்தான். கடைசி ஆர்டரின் பாக்கித் தொகையையும் மோல்டு ஒப்படைப்பையும் ஒன்றோடொன்று கட்டி வையுங்கள்.

3. கணக்கு: பழைய மோல்டு பணம் திரும்பி வந்து கதவைத் தட்டும் இடம்

இரண்டு விஷயங்களை உங்கள் ஆடிட்டரிடம் உடனே கேளுங்கள்.

முதலாவது பேங்க். மோல்டுக்காக முன்பணம் அனுப்பியிருந்தால், பொருள் இந்தியாவுக்கு வந்ததற்கான பில் ஆஃப் என்ட்ரியை (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம்) பேங்கின் கணக்கில் காட்ட வேண்டும். இறக்குமதிக்கு முன்பணம் அனுப்பினால் ஆறு மாதத்துக்குள் பொருள் வர வேண்டும், மூலதனப் பொருளுக்கு மூன்று ஆண்டு என்பதுதான் ரிசர்வ் வங்கியின் பொது விதியாக இருந்து வந்திருக்கிறது. மோல்டு சீனாவிலேயே இருந்துவிட்டதால் பல நிறுவனங்களுக்கு இந்தப் பதிவு முடியாமல் திறந்தே கிடக்கும். மோல்டு வரும் முன் பேங்கில் உட்கார்ந்து பேசி, எந்தப் பணத்துக்கு எந்தப் பில் என்று இணைக்கும் வழியை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது கஸ்டம்ஸ். 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-ஆம் விதிப்படி, வாங்குபவர் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்த டை, மோல்டு, கருவிகளின் மதிப்பை இறக்குமதிப் பொருளின் மதிப்போடு பங்கிட்டுச் சேர்க்க வேண்டும். இத்தனை வருடம் ஸ்ப்ரேயரை இறக்கியபோது மோல்டு செலவைச் சேர்க்கவில்லை என்றால், "இந்த மோல்டு என்னுடையது, திரும்பக் கொண்டு வருகிறேன்" என்று நீங்களே தாக்கல் செய்யும் நாளில் அந்தக் கேள்வி வரும். வக்கீலிடமோ அனுபவமுள்ள கிளியரிங் ஏஜெண்டிடமோ பழைய பில்களைக் காட்டி, தேவைப்பட்டால் வித்தியாச வரியை முன்கூட்டியே கட்டிவிடுவது பின்னால் நோட்டீஸ் வாங்குவதைவிட மலிவு.

இனி லாப நஷ்டக் கணக்கு. சீனப் பக்கத்தில் தொழிற்சாலை விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கப்பல் வாடகை, அடிப்படைச் சுங்க வரி, அதன் மேல் 10 சதவீதச் சமூக நலக் கூடுதல் வரி, துறைமுகச் செலவு, லாரி, உடைந்த பீஸ், டாலர் ஏற்ற இறக்கம் எல்லாம் சேர வேண்டும். ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பும், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். 30 சதவீதம் முன்பணம், கப்பல் ஏறும் முன் 70 சதவீதம் என்று கொடுப்பவர்கள், ஆர்டர் போட்ட நாள் முதல் டீலர் பணம் தரும் நாள் வரை எத்தனை மாத வட்டி போகிறது என்று எழுதிப் பாருங்கள். எங்களுக்கு இந்த மாற்றம் கட்டுப்படியானதே பெரும்பாலும் அந்த வட்டியும் கப்பல் வாடகையும் மிச்சமானதால்தான். பீஸ் அடக்க விலை அப்படியொன்றும் குறையவில்லை.

4. காலத்தை இரண்டு நாட்காட்டிகளில் பாருங்கள்

சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும். அதற்கு முன்னும் பின்னும் சேர்த்துச் சில வாரங்கள் வேலை நடக்காது. ஊருக்குப் போன ஆட்களில் ஒரு பகுதி திரும்பி வருவதும் இல்லை. உங்கள் மோல்டை நன்றாக அறிந்த ஆபரேட்டர் அப்படிப் போனவராக இருக்கலாம். எனவே அங்கே கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் புத்தாண்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இங்கே ஸ்ப்ரேயருக்குச் சூடான விற்பனை குறுவைக்கும், அதைவிட அதிகமாகச் சம்பாவுக்கும். மார்ச் முதல் மே வரை கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த இடைவெளியில்தான் மோல்டு கப்பலில் இருக்க வேண்டும், இங்கே டிரையல் நடக்க வேண்டும். புத்தாண்டுக்கு முன் கடைசிப் பெரிய ஆர்டரை எடுத்து, குறைந்தது நான்கு மாத விற்பனைக்கான சரக்கைக் குடோனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி லாட்டுக்கு வெளியாள் வைத்துத் தரச் சோதனை செய்யுங்கள். போகிற வாடிக்கையாளருக்கு யாரும் சிறந்த பிளாஸ்டிக் போடுவதில்லை.

முடிவெடுத்த நாளிலிருந்து இங்கே சீராக லாட் வெளியே வரும் வரை ஒரு வருடம் ஒதுக்குங்கள். ஆறு மாதத்தில் முடியும் என்று டீலர்களிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

5. மோல்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை

வெறும் மோல்டு வந்து இறங்கினால் அது இரும்புக் கட்டி மட்டுமே. கூட வர வேண்டியவை:

- 3டி ஃபைலும் 2டி வரைபடமும். கடைசியாகத் திருத்திய வடிவம் வேண்டும். அங்கே மோல்டை அவ்வப்போது தேய்த்து மாற்றியிருப்பார்கள், வரைபடத்தில் அது ஏறியிருக்காது.
- செட்டிங் ஷீட். ஒவ்வொரு மோல்டுக்கும் வெப்பநிலை, அழுத்தம், சைக்கிள் நேரம், சில்லர் தண்ணீரின் வெப்பநிலை.
- மெஷின் விவரம். எத்தனை டன், டை பார் இடைவெளி, லொகேட்டிங் ரிங் விட்டம், எஜெக்டர் துளைகளின் அமைப்பு. இங்கே உள்ள மெஷினில் மோல்டு உட்காருமா என்பதை இதை வைத்துத்தான் சொல்ல முடியும். மோல்டு புறப்படும் முன்பே சரிபாருங்கள்.
- உதிரி இன்சர்ட், எஜெக்டர் பின், ஹாட் ரன்னர் இருந்தால் அதன் ஹீட்டர், கன்ட்ரோலர்.
- கடைசியாக அடித்த சில பீஸ்கள், மோல்டு எண் எழுதி. இங்கே வந்து பீஸ் சரியில்லை என்றால் கோளாறு மோல்டிலா செட்டிங்கிலா என்று பிரித்துச் சொல்ல இதுதான் ஆதாரம்.
- பிளாஸ்டிக் எந்த நிறுவனத்தின் எந்த கிரேடு என்ற டேட்டாஷீட்.

கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன். டேங்க் செய்யும் எச்டிபிஇ பிளாஸ்டிக் குளிரும்போது நன்றாகச் சுருங்கும். கிரேடு மாறினால் சுருங்கும் அளவும் மாறும். டேங்கின் வாய் மரை அரை மில்லிமீட்டர் மாறினால் போதும், மூடி வழியாக மருந்து முதுகில் ஒழுகும். அது பூச்சிமருந்து. இதில் சமரசம் செய்யவே கூடாது. டேங்க் மோல்டையும் மூடி மோல்டையும் தனித்தனி கப்பலில் அனுப்பாதீர்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் இங்கே டிரையல் எடுங்கள்.

உங்கள் மோல்டிங் சூப்பர்வைசரை அங்கே அனுப்பி, மோல்டு ஓடும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையின் அழைப்புக் கடிதம் இருந்தால் வணிக விசா எடுக்கலாம். கடிதத்தை, மாற்றத்தைப் பற்றிப் பேசும் முன்பே வாங்குவது நல்லது.

6. பேக்கிங், கப்பல், கஸ்டம்ஸ்

மோல்டின் தண்ணீர்ப் பாதையை ஊதிக் காயவைத்து, துரு தடுப்பு எண்ணெய் அடித்து, துரு தடுக்கும் விசிஐ உறையில் சுற்றி, மரப்பெட்டியில் ஆணியடித்து நிறுத்த வேண்டும். மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம்-15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான அடையாளம்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்தில் பெட்டி நிற்கும். எடை கண்டெய்னர் தரையில் ஒரே இடத்தில் விழாமல் பரப்பச் சொல்லுங்கள். கனமான மோல்டை மற்றவர் சரக்கோடு பகிர்ந்து அனுப்பும் எல்சிஎல் மலிவாகத் தெரியும். இறக்கும் இடத்தில் பெரிய ஃபோர்க்லிஃப்ட் இல்லை என்றால் அந்த மிச்சம் அங்கேயே போய்விடும்.

நிங்போவிலிருந்து சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ ஏற்றலாம். சீனப் பக்கத்தில் ஏற்றுமதி ஆவணம் யார் பெயரில் என்று முதலிலேயே பேசுங்கள். இத்தனை நாள் மோல்டு பணத்துக்கு முறையான பில் போடாத தொழிற்சாலை, அங்குள்ள 13 சதவீத வாட் வரியை உங்கள் தலையில் கட்டப் பார்க்கும்.

இங்கே வேண்டியவை: இறக்குமதி ஏற்றுமதி குறியீடு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், பழைய மோல்டு என்பதால் சார்ட்டர்ட் இன்ஜினியர் (அங்கீகாரம் பெற்ற பொறியாளர்) சான்றிதழ். எந்த ஆண்டு செய்தது, புதிதாக இருந்தபோது என்ன விலை, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பது அதில் இருக்க வேண்டும். பழைய இயந்திரங்களுக்குக் கஸ்டம்ஸ் வழக்கமாக ஏற்கும் தேய்மானம் காலாண்டு வாரியாகக் கூடும், உச்சம் 70 சதவீதம். "பழசுதானே" என்று இன்வாய்ஸில் நூறு டாலர் போட்டால் செல்லாது. சீனாவில் காட்டிய மதிப்பும் இங்கே காட்டும் மதிப்பும் ஒன்றாக இருக்கட்டும்.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யுங்கள். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பின் நாளொன்றுக்கு 10,000. சரக்கு துறைமுகத்தில் தங்குவதற்கான டெமரேஜ் கட்டணம் தனி.

ஏற்றுமதியும் செய்பவர் என்றால் ஏற்றுமதியாளர்களுக்கான இபிசிஜி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சுங்க வரி இல்லாமல் மூலதனப் பொருளைக் கொண்டு வரலாம். ஆனால் மிச்சமான வரியைப் போல ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டில் காட்ட வேண்டும். அதோடு பழைய மூலதனப் பொருள்களை அந்தத் திட்டத்தில் கொண்டு வர முடியாது. ஓடிய மோல்டு வைத்திருப்பவருக்கு அது உதவாது.

7. முதலில் ஜாப் ஒர்க், பிறகு சொந்த மெஷின்

மோல்டு வந்த கையோடு ஷெட் பிடித்து, புளோ மோல்டிங் மெஷின் வாங்கி, மின் இணைப்புக்கு அலைய வேண்டாம். ஏற்கெனவே மெஷின் ஓட்டுபவரிடம் ஒரு வருடம் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு, இயக்க இசைவு, உயரழுத்த மின் இணைப்பு எல்லாம் அவரிடம் இருக்கும். நீங்கள் அசெம்பிளியை மட்டும் கவனிக்கலாம்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு இதற்கு வசதியாக இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் மூலப்பொருள் ஒரு வருடத்தில் திரும்ப வேண்டும், மூலதனப் பொருள் மூன்று வருடத்தில். மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சருக்கு மட்டும் அந்தக் கெடு இல்லை. டெலிவரி சலானில் மோல்டு எண்ணோடு அனுப்புங்கள். சீனாவில் கேட்ட அதே உரிமை ஒப்பந்தத்தை இங்கேயும் எழுதுங்கள். தெரிந்தவர், நம் ஊர்க்காரர் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பேங்க் கடனில் சிக்கி ஷெட்டுக்குச் சீல் விழுந்தால் உங்கள் மோல்டும் உள்ளே மாட்டும். உங்கள் பெயரிலேயே இன்சூரன்ஸும் எடுங்கள்.

சொந்த ஷெட்டுக்குப் போகும்போது நிறுவ இசைவு வந்த பிறகுதான் கட்டுமானமும் மெஷினும். ஆள் எண்ணிக்கை 10 ஆனால் இஎஸ்ஐ, 20 ஆனால் பிஎஃப். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், தொழிற்சாலை உரிமம் எத்தனை பேருக்கு மேல் என்பதைப் பழைய கட்டுரைகளில் தேடாமல் தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

8. பேட்டரி, சார்ஜர், லேபிள்

லித்தியம் பேட்டரி என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் ஐஎஸ் 16046 பதிவு கட்டாயம். அந்தப் பதிவு தொழிற்சாலை முகவரியோடு ஒட்டியது, ஆலை மாறினால் கூட வராது. பதிவு உள்ள இந்தியத் தயாரிப்பாளரிடமே பேட்டரியும் சார்ஜரும் வாங்குவது எளிது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, பேட்டரி உள்ள பொருளை இறக்குமதி செய்தவராக நீங்கள்தான் உற்பத்தியாளர், அதாவது பேட்டரிக் கழிவுக்குப் பொறுப்பானவர். இனி இந்திய பிராண்டு பேட்டரியை அதன் பெயரிலேயே வைத்து விற்றால் நிலை மாறும். உங்கள் பிராண்டு ஒட்டினால் மாறாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய போர்ட்டலில் அதற்கேற்பத் திருத்துங்கள்.

அட்டைப்பெட்டியில் இதுவரை இறக்குமதியாளர் என்று இருந்த பெயர் இனி தயாரிப்பாளர் அல்லது பேக் செய்பவர். எடையளவுத் துறையின் பதிவையும் அதற்கேற்ப எடுக்க வேண்டும். பழைய பெட்டிகளைத் தீர்த்துவிடலாம் என்று புதிய பொருளை அதில் போடாதீர்கள். விவசாயிகளுக்கான அரசு மானியப் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால், தயாரிப்பு முகவரி மாறுவதை வேளாண் பொறியியல் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். புதிய டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் ஒரு சீசனே போய்விடும்.

9. மானியமும் வரியும்

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் வணிகம் என்று மட்டும் இருந்தால் முதலில் உற்பத்தியைச் சேருங்கள். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் போலி. தமிழ்நாட்டில் தகுதியுள்ள குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கு இயந்திர மதிப்பில் 25 சதவீத மூலதன மானியம் உண்டு. அது புது இயந்திரத்துக்கு. சீனாவிலிருந்து வரும் பழைய மோல்டை அதில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். புதிதாக வாங்கும் மெஷினின் பில்லைத் தனியாக வைத்து, மெஷின் வாங்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் பேசிவிடுங்கள்.

புது உற்பத்தி நிறுவனத்துக்கு 15 சதவீத வருமான வரிதான் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அதற்கு 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கியிருக்க வேண்டும். அதை நம்பிப் புதுக் கம்பெனி தொடங்காதீர்கள்.

10. முதல் லாட்டும் பழைய ஸ்ப்ரேயரும்

முதல் லாட்டைத் தூரத்து மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டாம். அன்றே போய்ப் பார்த்துத் திரும்பக்கூடிய டீலர்களுக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு டேங்கையும் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து ஒழுக்குப் பாருங்கள், நிரப்பிய டேங்கைக் கீழே போட்டும் மாதிரிக்குச் சில பீஸ் பாருங்கள். சீரியல் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி வையுங்கள். கடைக்காரர் போனில் எண்ணைச் சொன்னதும் இது சீன டேங்கா கோவை டேங்கா என்று தெரிய வேண்டும்.

சந்தையில் ஏற்கெனவே விற்ற ஸ்ப்ரேயர்கள் இன்னும் சில வருடங்கள் ஸ்பேர் கேட்கும். பழைய லான்ஸ் மரை, வாஷர், சுவிட்ச், மூடி இவை புதியவற்றோடு பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பொருந்தாதவற்றை, மோல்டை எடுக்கும் முன்பே, கடைசி ஆர்டரோடு சேர்த்து அதிகமாக வாங்கி வைத்துவிடுங்கள். மோல்டு கப்பலேறிய பிறகு அந்தத் தொழிற்சாலை நூறு வாஷருக்காக உங்கள் மெயிலுக்குப் பதில் போடாது.